ஸ்டூடிபேக்கர்: இவ்வளவு அழகான கார் செய்த கம்பெனி ஏன் மூடப்பட்டது?

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. 1953 ஸ்டூடிபேக்கர் கூப்பேயின் (இரண்டு கதவுக் கார்) படத்தைப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு காரைச் செய்தவர்கள் அடுத்த பத்தே வருஷத்தில் எப்படிக் கடையைக் கட்டினார்கள் என்று கேட்கிறீர்கள். கூடவே, ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் என்ற மூன்று பெரிய கார் கம்பெனிகளும் சேர்ந்து திட்டம் போட்டு ஒழித்தார்களாமே, உண்மையா என்றும் கேட்கிறீர்கள்.

சதி பற்றிய கேள்விக்குப் பதில் சின்னது: இல்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதல் கேள்விக்குத்தான் சாவகாசமாகப் பதில் சொல்ல வேண்டும். கார் மோசமாக இருந்ததால் ஸ்டூடிபேக்கர் மூடப்படவில்லை. வருஷத்துக்கு எத்தனை கார் விற்றால் கட்டுப்படியாகும் என்ற கணக்கில்தான் அவர்கள் விழுந்தார்கள். நன்றாக விற்ற வருஷங்களில் வந்த பணத்தையும் தொழிற்சாலையில் போடாமல் வெளியே கொடுத்துவிட்டார்கள்.

ஸ்டூடிபேக்கர் முதலில் கார் கம்பெனியே இல்லை. 1852-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் என்ற ஊரில் ஹென்றி, கிளெமெண்ட் என்ற சகோதரர்கள் வைத்த கொல்லுப்பட்டறை அது. லாடம் அடிப்பார்கள், குதிரை வண்டி செய்வார்கள். தம்பி ஜான், தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு கலிபோர்னியாவுக்குப் போனார். போன இடத்தில் தங்கம் தேடி வந்தவர்களுக்கு மண் அள்ளும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி செய்து விற்றுச் சம்பாதித்தார். 1858-ல் 8,000 டாலரோடு ஊர் திரும்பி, ஹென்றியின் பங்கை வாங்கிக்கொண்டார். ஹென்றிக்கு ராணுவத்துக்கு வண்டி செய்வதில் மன உறுத்தல் இருந்தது. அவர் சார்ந்த கிறிஸ்தவப் பிரிவு போரை ஏற்காதது. தம்பிகளுக்கு அந்த உறுத்தல் இல்லை. உள்நாட்டுப் போரில் வடபுலப் படைக்கு வண்டி செய்து கொடுத்து வளர்ந்தார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் உலகத்திலேயே பெரிய குதிரை வண்டிக் கம்பெனி அவர்களுடையதுதான்.

1902-ல் மின்சாரக் கார் செய்தார்கள். ஆமாம், பேட்டரியில் ஓடும் கார்தான். வாங்கிய முதல் ஆட்களில் தாமஸ் எடிசனும் ஒருவர். 1904-ல் பெட்ரோல் கார். குதிரை வண்டியை 1920-ல்தான் ஒரேயடியாக நிறுத்தினார்கள். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வண்டிப் பட்டறைகள் இருந்தன. அவற்றில் கார் தொழிலுக்கு மாறி நிலைத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

1915-ல் ஆல்பர்ட் எர்ஸ்கின் தலைவரானார். கணக்குப் பக்கத்திலிருந்து வந்தவர். இருபதுகளில் கம்பெனியை நன்றாகவே வளர்த்தார். 1926-ல் சவுத் பெண்டுக்கு மேற்கே பெரிய சோதனை ஓட்டக் களம் ஒன்றை அமைத்தார்கள். பின்னாளில் அங்கே ஆயிரக்கணக்கான பைன் மரங்களை கம்பெனியின் பெயர் வடிவில் நட்டார்கள். விமானத்திலிருந்து பார்த்தால் ஸ்டூடிபேக்கர் என்று வாசிக்கலாம். இன்று அந்த இடம் பொதுப் பூங்கா, பெயர் இன்னும் தெரிகிறது. 1928-ல் பியர்ஸ் ஆரோ என்ற சொகுசுக் கார் கம்பெனியையும் வாங்கினார் எர்ஸ்கின். தன் பெயரிலேயே எர்ஸ்கின் என்று ஒரு சின்னக் கார் விட்டார், ஓடவில்லை. பிறகு நோட்டர் டேம் கல்லூரியின் புகழ்பெற்ற அமெரிக்க ஃபுட்பால் பயிற்சியாளர் நூட் ராக்னியின் பெயரில் ராக்னி என்று இன்னொன்று. ராக்னி 1931-ல் விமான விபத்தில் இறந்துபோனார். அவர் பெயரில் வந்த காரும் 1933-ஐத் தாண்டவில்லை.

1929-ல் பங்குச் சந்தை சரிந்தபோது இது சீக்கிரம் சரியாகிவிடும் என்று எர்ஸ்கின் நம்பினார். நம்பியதோடு நிற்காமல், சம்பாதித்த லாபத்தைவிட அதிகமாகப் பங்குதாரர்களுக்கு டிவிடெண்ட் (லாபப் பங்கு) கொடுத்தார். கையிருப்பு கரைந்தது. 1933 மார்ச்சில் கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போய், நிர்வாகம் நீதிமன்றம் நியமித்தவர்கள் கைக்கு மாறியது. அதே வருஷம் ஜூலையில் எர்ஸ்கின் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இதை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: இதே வியாதி இருபது வருஷம் கழித்து வேறு ஆட்களிடம் திரும்பி வந்தது.

அப்போது கம்பெனியைத் தூக்கி நிறுத்தியவர்கள் பால் ஹாஃப்மன், ஹரால்டு வான்ஸ் என்ற இரண்டு பேர். 1939-ல் அவர்கள் கொண்டுவந்த சாம்பியன், எடை குறைந்த, பெட்ரோல் மிச்சமாகும் ஆறு சிலிண்டர் கார். கம்பெனி பிழைத்தது அதனால்தான் என்று தாராளமாகச் சொல்லலாம். அப்புறம் போர் வந்தது. பி-17 குண்டுவீச்சு விமானங்களுக்கு எஞ்சின், பனியில் ஓடும் வீசல் வண்டி, கூடவே லாரி. அந்த லாரிகளில் ஒரு லட்சத்துக்கும் மேல் சோவியத் யூனியனுக்குப் போயின. சோவியத் படையின் கத்யூஷா ராக்கெட்டுகளை ஏற்றி நின்ற லாரிகள் பலவும் சவுத் பெண்டில் செய்தவைதான். ரஷ்யர்கள் அந்த லாரியைச் செல்லமாக ஸ்டூடர் என்று கூப்பிட்டார்கள்.

1942 பிப்ரவரியிலிருந்து போர் முடியும்வரை அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியே இல்லை. போர் முடிந்ததும் நான்கு சக்கரமும் ஸ்டியரிங்கும் இருந்தால் போதும், விற்றுவிடும் என்ற நிலை. பெரிய கம்பெனிகள் 1942 மாடலையே கொஞ்சம் பூசி மெழுகி விற்றன. பழைய கம்பெனிகளில் ஸ்டூடிபேக்கர் மட்டும் 1947 மாடலாக முழுக்கப் புதுக் காரோடு வந்தது. ஸ்டார்லைட் கூப்பேயின் பின்பக்கக் கண்ணாடி வளைந்து இரண்டு பக்கமும் ஓடும். பின்பக்கப் பெட்டியும் முன்பக்க போனட்டும் ஏறக்குறைய ஒரே நீளம். "இந்தக் கார் வருதா, போகுதா?" என்று நாடு முழுக்க ஜோக் அடித்தார்கள். கேலி செய்தவர்களும் வாங்கினார்கள்.

அந்தக் காருக்குப் பின்னால் ஒரு குடுமிப்பிடிச் சண்டையும் உண்டு. வடிவமைப்பு ரேமண்ட் லோவியின் குழுவுடையது. லோவி அன்றைக்கு அமெரிக்காவின் பெரிய பெயர். அவர் குழுவில் இருந்த வர்ஜில் எக்ஸ்னர், கம்பெனியின் எஞ்சினியர்களோடு தனியாகப் பேசி, தன் வீட்டிலேயே ஒரு வடிவம் செய்தார். நிர்வாகம் தேர்ந்தெடுத்தது அதைத்தான். லோவி எக்ஸ்னரை வேலையைவிட்டு நீக்கினார். எக்ஸ்னர் பிறகு கிரைஸ்லருக்குப் போய், ஐம்பதுகளின் வால்துடுப்புக் கார்களால் புகழ்பெற்றார். ஒரு திறமைசாலியைப் போட்டிக் கம்பெனிக்குத் தாரை வார்த்த கதை இது.

1950 மாடல்தான் உச்சம். மூக்கில் துப்பாக்கிக் குண்டு செருகியதுபோல் ஒரு முகப்பு. மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றது. கம்பெனி வரலாற்றிலேயே அதுதான் பெரிய எண்ணிக்கை. இங்கேதான் கணக்கைப் பார்க்க வேண்டும்.

காரின் உடலை இரும்புத் தகட்டிலிருந்து அழுத்தி எடுக்க ராட்சத அச்சுகள் வேண்டும். புது மாடல் என்றால் புது அச்சு. உதாரணத்துக்கு, ஒரு மாடலுக்கு அச்சுச் செலவு 2 கோடி டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 லட்சம் கார் விற்றால் ஒவ்வொரு காரின் தலையிலும் 100 டாலர் ஏறும். 10 லட்சம் விற்றால் 20 டாலர்தான். இரண்டு கார்களும் கடையில் ஏறக்குறைய ஒரே விலைக்கு நிற்க வேண்டும். 1950-ல் செவ்ரலே மட்டுமே சுமார் 15 லட்சம் கார் செய்தது. அதற்கு மேல் ஜெனரல் மோட்டார்ஸிடம் இன்னொரு வசதியும் இருந்தது: செவ்ரலே, பாண்டியாக், ஓல்ட்ஸ்மொபீல், பியூக், காடிலாக் என ஐந்து பிராண்டுகளும் உள்ளே இருக்கும் அடிப்படை உடல்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டன. ஸ்டூடிபேக்கருக்குப் பகிர்ந்துகொள்ள ஆள் இல்லை.

அச்சுச் செலவைக் குறைக்க இன்னொரு வழி, மாடலை மாற்றாமலே இருப்பது. போட்டி இல்லாத நாட்டில் அது நடக்கும். பழைய மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் அச்சை வாங்கி வந்து, 2014 வரை அம்பாசடர் செய்தார்களே, அது நம் நாட்டில் பல வருஷம் போட்டியே இல்லாததால் முடிந்தது. ஐம்பதுகளின் அமெரிக்காவில் இரண்டு மூன்று வருஷம் பழைய முகத்தோடு நின்றால் வாங்குபவர் எதிர்க் கடைக்குப் போய்விடுவார்.

இதோடு கூலியும் சேர்ந்தது. ஹாஃப்மனும் வான்ஸும் தொழிலாளர்களோடு சண்டையே போடக் கூடாது என்று இருந்தார்கள். கேட்டதைக் கொடுத்தார்கள். பெரிய கார் கம்பெனிகளின் ஊரான டெட்ராய்ட்டைவிட அதிகக் கூலி, தளர்வான வேலை வேகம். எதை வைத்தாலும் விற்ற காலத்தில் இது யாருக்கும் உறைக்கவில்லை. தொழிலாளிதான் கம்பெனியைக் கெடுத்தான் என்று எழுதுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. அதே வருஷங்களில் பங்குதாரர்களுக்கும் தாராளமாக டிவிடெண்ட் போனது. பல மாடிகளில் பரந்துகிடந்த பழைய தொழிற்சாலையில், ஒரு கார் முழுமையாவதற்குள் கட்டடம் விட்டுக் கட்டடம் அலைய வேண்டியிருந்தது. அதைப் புதுப்பிக்கத்தான் பணம் மிஞ்சவில்லை.

இப்போது நீங்கள் பார்த்த 1953 கூப்பே. லோவி குழுவின் ராபர்ட் போர்க் வரைந்தது. முதலில் கண்காட்சிக்கான காராகத்தான் யோசித்தார்கள். லோவி விடாமல் பேசி உற்பத்திக்குக் கொண்டுவந்தார். நெட்டையும் குண்டுமாக, குரோமியம் பளபளத்துக்கொண்டு மற்ற அமெரிக்கக் கார்கள் நின்ற காலத்தில், தரையோடு ஒட்டி, அலங்காரமே இல்லாமல் ஒரு கார். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அதே வருஷம் தன் கார் கண்காட்சியில் இதையும் வைத்தது. அமெரிக்காவில் செய்த கார்களில் இதைவிட அழகானது ஒன்றிரண்டுதான் இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் தொழிற்சாலைக்குள் நடந்தது வேறு. குடும்பம் போகும் நான்கு கதவு செடான்தான் அதிகம் விற்கும், கூப்பே கொஞ்சம் போதும் என்று திட்டமிட்டார்கள். ஷோரூமுக்கு வந்தவர்கள் கூப்பேயைக் கேட்டார்கள். கூப்பேயின் கோடுகளைக் குட்டையாக்கி உயர்த்திச் செய்த செடான் பார்க்க நன்றாக இல்லை. யாரைச் சொல்லிக் குற்றம்? கேட்டவர்களுக்குக் கூப்பே கொடுக்கவும் முடியவில்லை. எடையைக் குறைக்க சேஸிஸை, அதாவது காரைத் தாங்கும் அடிச்சட்டத்தை, மெலிதாகச் செய்திருந்தார்கள். எஞ்சினை ஏற்றியதும் அது லேசாக வளைந்து, முன்பக்கத் தகடுகள் மற்ற உடலோடு பொருந்தவில்லை. உற்பத்தி மாதக்கணக்கில் தள்ளிப்போனது. காத்திருந்தவர்கள் வேறு கார் வாங்கிக்கொண்டார்கள். கிடைத்தவர்களும் கடகடப்பு, துரு என்று புகார் சொன்னார்கள். கூப்பேக்கும் செடானுக்கும் உடல் தகடுகள் பெரும்பாலும் வேறு வேறு என்பதால் அச்சுச் செலவும் இரட்டிப்பு. இவ்வளவு சின்னக் கம்பெனி எதற்கு ஒரே வருஷத்தில் இரண்டு கார்களுக்கான செலவைச் செய்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம்.

இந்த நேரம் பார்த்து ஃபோர்டு, செவ்ரலேயை விற்பனையில் முந்தியே தீருவது என்று கிளம்பியது. கொரியப் போர் கால உற்பத்திக் கட்டுப்பாடுகள் 1953 தொடக்கத்தில் நீங்கியிருந்தன. இரண்டு கம்பெனிகளும் முழு வேகத்தில் கார்களைச் செய்து, டீலர்கள் கேட்காமலே அவர்கள் வாசலில் கொண்டுபோய் நிறுத்தின. டீலர்கள் வந்த விலைக்குத் தள்ளினார்கள். அந்தத் தள்ளுபடியில் ஃபோர்டுக்கும் செவ்ரலேக்கும் பெரிய காயம் இல்லை. பாதிக்கப்பட்டது ஸ்டூடிபேக்கர், நாஷ், ஹட்சன், பேக்கார்ட், கைசர் போன்ற சின்னவர்கள். ஸ்டூடிபேக்கரின் 1954 மாடல் ஒரு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. அந்த வருஷம் தொழிலாளர்களே ஓட்டுப் போட்டுக் கூலிக் குறைப்பை ஏற்றுக்கொண்டார்கள்.

சதி என்று சொல்கிறவர்கள் காட்டுவது இந்த இரண்டு வருஷங்களைத்தான். ஆனால் ஃபோர்டு குறிவைத்தது செவ்ரலேயை. ஸ்டூடிபேக்கர் பெயர் அவர்கள் மனசில் இருந்திருக்குமா என்பதே சந்தேகம். சதிக் கதைக்கு ஊற்று வேறு இடம்: பிரஸ்டன் டக்கர். 1948-ல், ஸ்டியரிங்கோடு திரும்பும் நடு விளக்கு, பின்பக்கம் ஹெலிகாப்டர் எஞ்சின் என்று ஒரு கார் செய்தார். முன்மாதிரியோடு சேர்த்து மொத்தம் 51 கார்கள்தான். கார் தயாராகும் முன்பே டீலர் உரிமை, உதிரிச் சாமான்கள் என்று விற்றுப் பணம் திரட்டியதால் பங்குச் சந்தை ஆணையம் விசாரணைக்கு வந்தது. 1950 ஜனவரியில் நீதிமன்றம் குற்றமில்லை என்று விடுவித்தபோது கம்பெனி ஏற்கெனவே போயிருந்தது. டெட்ராய்ட்தான் ஆள் வைத்துக் கெடுத்தது என்று அவருடைய ஆதரவாளர்கள் சொன்னார்கள். அந்தக் கதை காலப்போக்கில், மூடப்பட்ட எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாகிவிட்டது. ஹென்றி கைசருக்கு அரசாங்கத் தொடர்பு, பணம், போர்க்காலக் கப்பல் கட்டிய புகழ் எல்லாம் இருந்தும் 1955-ல் அமெரிக்காவில் கார் செய்வதை விட்டுவிட்டு அச்சுகளை அர்ஜென்டினாவுக்கு ஏற்றிக்கொண்டு போனார். அவரை யாரும் சதி செய்து விரட்டவில்லை. எண்ணிக்கை போதவில்லை, அவ்வளவுதான்.

சரி, சின்னவர்கள் எல்லாரும் ஒன்று சேர்ந்திருந்தால்? நாஷ் தலைவர் ஜார்ஜ் மேசன் பல வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: நாஷ், ஹட்சன், பேக்கார்ட், ஸ்டூடிபேக்கர் நான்கும் ஒரே கம்பெனியாகி, உடல்களைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். 1954-ல் நாஷும் ஹட்சனும் சேர்ந்து அமெரிக்கன் மோட்டார்ஸ் ஆயின. அதே வருஷம் அக்டோபர் 1-ல் பேக்கார்ட் ஸ்டூடிபேக்கரை வாங்கியது. ஒரு வாரம் கழித்து மேசன் இறந்துபோனார். அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் ராம்னிக்கு அந்தப் பெரிய இணைப்பில் ஆர்வம் இல்லை. நான்கும் சேர்ந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று நிறையப் பேர் ஏங்குகிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. அமெரிக்கன் மோட்டார்ஸ் பிழைத்ததே ஹட்சன், நாஷ் பெயர்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, சின்னக் காரான ராம்ப்ளர் ஒன்றையே கட்டிக்கொண்டதால்தான். நான்கு பழைய கம்பெனிகள் சேர்ந்திருந்தால் அந்தத் துணிச்சல் யாருக்கும் வந்திருக்காது.

பேக்கார்ட் ஸ்டூடிபேக்கரை வாங்கிய விதம் இருக்கிறதே, அதுதான் இந்தக் கதையிலேயே எனக்கு ஆற்றாமை தரும் பகுதி. பேக்கார்ட் சாதாரணக் கம்பெனி இல்லை. 1899-ல் தொடங்கியது. முப்பதுகளுக்கு முன்பு அமெரிக்காவில் பணக்காரர் கார் என்றால் முதலில் பேக்கார்ட்தான், காடிலாக் அப்புறம். போரில் ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் எஞ்சினை 55,000-க்கும் மேல் செய்து கொடுத்தது. போருக்குப் பின் கொஞ்சம் தடுமாறினாலும் (1948 மாடலைக் கர்ப்பமான யானை என்று கிண்டல் செய்தார்கள்) கடன் இல்லாமல்தான் இருந்தது. 1952-ல் தலைவராக வந்த ஜேம்ஸ் நான்ஸ் சுறுசுறுப்பானவர், அடுப்பு, ஃப்ரிட்ஜ் விற்ற ஹாட்பாயிண்ட் கம்பெனியிலிருந்து வந்தவர். அவர் ஸ்டூடிபேக்கரின் கணக்குப் புத்தகங்களைத் தோண்டித் துருவாமலே கையெழுத்துப் போட்டார். பிறகு பேக்கார்டின் நிதி ஆட்கள் உட்கார்ந்து பார்த்தபோது, ஸ்டூடிபேக்கர் நட்டமில்லாமல் ஓட வருஷத்துக்கு 2,82,000 கார் விற்க வேண்டும் என்று தெரிந்தது. அந்த அளவுக்கு விற்றது உச்ச காலத்தில்தான். பெண் பார்க்கப் போனவர்கள் கல்யாணம் முடிந்த பிறகு ஜாதகம் பார்த்த கதை.

பேக்கார்டின் சொந்தத் தலைவலி வேறு. அதன் உடல்களை பிரிக்ஸ் என்ற வெளிக் கம்பெனி செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. 1953-ல் பிரிக்ஸை கிரைஸ்லர் வாங்கிவிட்டது. இனி உங்களுக்குச் செய்ய மாட்டோம் என்றார்கள். அவசரமாக டெட்ராய்ட்டில் கானர் அவென்யூவில் ஒரு சின்ன இடத்துக்கு மாறினார்கள். 1955-ல் புது எட்டு சிலிண்டர் எஞ்சின், முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் நீளக் கம்பியால் இணைத்துப் பள்ளம் மேடு தெரியாமல் ஓடும் சஸ்பென்ஷன் என்று உண்மையிலேயே பிரமாதமான கார் வந்தது. ஆனால் நெருக்கடியான இடத்தில் அரைகுறையாகப் பூட்டிய கார்கள் டீலரிடம் போய், அங்கே திருத்த வேண்டியிருந்தது. 1956 ஜூன் 25-ல் டெட்ராய்ட்டில் கடைசி பேக்கார்ட் வெளியே வந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஸ்டூடிபேக்கருக்கே பேக்கார்ட் சட்டை மாட்டி விற்றார்கள். ஜனங்கள் அதற்கு பேக்கார்ட்பேக்கர் என்று பெயர் வைத்தார்கள். 1958-ல் அந்தப் பெயரும் ஓய்ந்தது. ஸ்டூடிபேக்கரை வாங்கிய கம்பெனி முதலில் போனது, வாங்கப்பட்டது மிஞ்சியது.

நான்ஸுக்குப் பின் தலைவராக வந்த ஹரால்டு சர்ச்சில் எஞ்சினியர். கையில் காசில்லை என்பதை ஒப்புக்கொண்டு யோசித்தவர். 1953 செடானின் உடலையே எடுத்து, முன்னும் பின்னும் நறுக்கி, 1959-ல் லார்க் என்று ஒரு சின்னக் கார் விட்டார். புது அச்சுச் செலவு சொற்பம். பெரிய கம்பெனிகளிடம் அப்போது சின்னக் கார் இல்லை, அதனால் அவர்களுடைய டீலர்களே லார்க்கையும் எடுத்து விற்றார்கள். அந்த வருஷம் 2.85 கோடி டாலர் லாபம். கலை அருங்காட்சியகத்துக்குப் போன கூப்பேயில் வராத பணம் இந்தக் கட்டைக் காரில் வந்தது. 1960 மாடலாக ஃபோர்டு ஃபால்கன், செவ்ரலே கார்வேர், கிரைஸ்லரின் வேலியன்ட் மூன்றும் வந்தன. லார்க்கை விற்ற அந்த டீலர்கள் தங்கள் கம்பெனிக் காருக்குத் திரும்பிவிட்டார்கள்.

அப்புறம் அவன்டி. 1961-ல் தலைவரான ஷெர்வுட் எக்பர்ட், லோவியைத் திரும்பக் கூப்பிட்டார். லோவி பாம் ஸ்பிரிங்ஸில் ஒரு வீட்டை எடுத்து, மூன்று பேரை வைத்துக்கொண்டு சில வாரங்களில் வடிவத்தை முடித்தார். முகப்பில் கிரில்லே கிடையாது, ஃபைபர் கிளாஸ் உடல், முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக், விருப்பப்பட்டால் எஞ்சினுக்குக் கூடுதல் சக்தி தரும் சூப்பர்சார்ஜர். போன்வில் உப்பு வெளியில் வேகச் சாதனைகள் பல. உடல் செய்யும் வேலை வெளிக் கம்பெனிக்குப் போனது. துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. 1953-ல் பட்டது போதாதென்று மறுபடியும் அதே கதை. ஆர்டர் கொடுத்தவர்கள் காத்திருந்து சலித்துப் போனார்கள். மொத்தம் ஐயாயிரம்கூட வரவில்லை. எல்லாரும் அவன்டியைக் கொண்டாடுகிறார்கள், எனக்கு அதன் மேல் அவ்வளவு மயக்கம் இல்லை. அதே நாட்களில் ப்ரூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்ற வடிவமைப்பாளர், மிகக் குறைந்த செலவில் பழைய கூப்பேயைத் திருத்திச் செய்த ஜி.டி. ஹாக்தான் உண்மையான சாமர்த்தியம். அவரே செய்த வேகனேரில் பின்பக்கக் கூரையை நகர்த்தித் திறக்கலாம், நிமிர்ந்து நிற்கும் ஃப்ரிட்ஜைக்கூட ஏற்றலாம். மழை பெய்தால் உள்ளே ஒழுகியது.

1963 டிசம்பர் 9-ல் சவுத் பெண்ட் தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவித்தார்கள். கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் முன்பு, 20-ஆம் தேதி, அங்கே கடைசி கார் வந்தது. கனடாவில் ஹாமில்டன் நகரத்தில் சின்ன அளவில் தொடர்ந்து, 1966 மார்ச்சில் அதுவும் நின்றது. கடைசி இரண்டு வருஷக் கார்களில் இருந்தது செவ்ரலேயின் எஞ்சின் வகை, ஜெனரல் மோட்டார்ஸின் கனடாக் கிளையிடம் வாங்கியது. சதிக் கதைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை.

கம்பெனி திவாலாகி மூடப்பட்டது என்று பலரும் எழுதுகிறார்கள், தவறு. ஸ்டூடிபேக்கர் அதற்குள் வேறு தொழில்களை வாங்கிப் போட்டிருந்தது: எஞ்சின் ஆயில் மருந்து எஸ்.டி.பி., ஜெனரேட்டர், தோட்ட டிராக்டர், தரை தேய்க்கும் எந்திரம். காரை விட்டதும் லாபம் வந்தது. 1967-ல் வேறு கம்பெனிகளோடு இணைந்து ஸ்டூடிபேக்கர் வொர்த்திங்டன் ஆனது. பங்குதாரர்களுக்குப் பெரிய நட்டம் இல்லை. நட்டமடைந்தவர்கள் சவுத் பெண்டில் இருந்தார்கள்.

தொழிலாளர் சங்கம் 1950-ல் ஒரு பென்ஷன் திட்டத்தைப் பேசி வாங்கியிருந்தது. பழைய சர்வீஸுக்கான தொகையை உடனே கட்டாமல் முப்பது வருஷத்தில் தவணையாகக் கட்டலாம் என்பது ஏற்பாடு. நடுவில் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் பென்ஷன் தொகையைக் கூட்டினார்கள், பாக்கியும் கூடியது. நிதியில் இருப்பதைத் தவிர கம்பெனிக்கு வேறு பொறுப்பில்லை என்றும் ஒப்பந்தத்தில் இருந்தது. மூடியபோது நிதியில் போதுமான பணம் இல்லை. 60 வயது தாண்டியவர்களுக்கும் ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்கும் முழுப் பென்ஷன் கிடைத்தது. 40 முதல் 59 வயதுவரை உள்ள, உரிமை பெற்ற சுமார் 4,000 பேருக்கு வர வேண்டியதில் 15 சதவீதம் போல ஒரே தொகையாகக் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். அவர்களுடைய சராசரி வயது 52, சராசரி சர்வீஸ் ஏறக்குறைய 23 வருஷம். 40 வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை.

இந்த விவகாரத்தை வாகனத் தொழிலாளர் சங்கமும் வேறு சிலரும் பத்து வருஷம் விடாமல் எடுத்துப் பேசினார்கள். 1974 செப்டம்பர் 2-ல் அமெரிக்க அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு பென்ஷன் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். கம்பெனி கைவிட்டாலும் ஒரு வரம்புவரை பென்ஷன் கொடுக்க அரசுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று அதில் உருவானது. இன்று அமெரிக்காவில் பென்ஷன் சட்டம் படிக்கிற மாணவர்கள், கார் மீது ஆர்வமே இல்லாதவர்கள்கூட, ஸ்டூடிபேக்கர் என்ற பெயரைத் தெரிந்து வைத்திருப்பது இதனால்தான்.

கடைசியாக, 1953 கூப்பே ஒன்றை வாங்கி ஓட்டுவது நடக்கிற காரியமா என்று ஒரு வரி கேட்டிருந்தீர்கள். மூடப்பட்ட கம்பெனி என்பதால் உதிரி பாகம் கிடைக்காது என்று பயப்பட வேண்டாம். தொழிற்சாலை மூடியபோது மிஞ்சிய பாகங்கள் மலைபோல் இருந்தன, அவற்றை வாங்கி வைத்தவர்கள் இன்றும் விற்கிறார்கள். 1962-லேயே தொடங்கிய ஸ்டூடிபேக்கர் ஓட்டுநர் சங்கம் இன்னும் இயங்குகிறது. அவன்டியின் உரிமையையும் அச்சுகளையும் உள்ளூர் டீலர்கள் இருவர் வாங்கி, செவ்ரலே எஞ்சின் போட்டு 1965-லிருந்து கையால் செய்து விற்றார்கள். கைமாறிக் கைமாறி 2006 வரை அது வந்துகொண்டிருந்தது. எஞ்சின், கியர், பிரேக் சாமான்களுக்குக் கவலை இல்லை. 1953 கூப்பே என்றால் பார்க்க வேண்டியது துருவைத்தான். முன்பக்கச் சக்கரங்களின் மேல் தகடு, கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு, சேஸிஸின் நடுப்பகுதி, மூன்றையும் அடியில் படுத்துப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். முன்பக்கத் தகடுகளுக்கும் கதவுக்கும் நடுவில் இடைவெளி ஒரே அளவாக இல்லாவிட்டால் விபத்தில் அடிபட்ட கார் என்று உடனே முடிவு கட்டவும் வேண்டாம். தொழிற்சாலையிலிருந்தே அப்படித்தான் வந்திருக்கும்.